ஐப்பசிக் கணக்கு

துறைமுகத்தில் மூணாம் எண் கூண்டு ஏற்றியாச்சு என்று
மளிகைக் கடையில் யாரோ சொன்னார்கள்.
ரவைகூட வாங்காமல் திரும்பி வந்து
பரண்மேலிருந்து பையை இறக்கினேன்.

பச்சை ரெக்சின் பை.
பண்ருட்டி ஜவுளிக்கடையின் பெயர் உரிந்து உரிந்து
'க்ஸ்' மட்டும் மிச்சம்.
தானே அடித்த இரவு
தலைக்குமேல் சிமெண்ட் ஷீட் ஒவ்வொன்றாய்ப் பறக்க
ரேஷன் கார்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு
கட்டிலுக்கடியில் விடியவைத்தவள் நான்.
அப்புறம் பதினேழு நாள் கரண்ட் இல்லை.
பதினெட்டாம் நாள் எடுத்துவைத்தது இந்தப் பை.

மூடியின் உள்பக்கம் என் கையெழுத்து:
டார்ச், மெழுகுவத்தி ஆறு, தீப்பெட்டி (பாலித்தீனில்),
பிஸ்கட் எட்டு பாக்கெட், காய்ச்சல் மாத்திரை,
ஐந்நூறு ரூபாய்த் தாள் நாலு,
விசில்,
துண்டு இரண்டு.

துண்டு மழைக்கு இல்லை.
எங்கள் குடிகாட்டில் ஆபத்துக்கு இரண்டு திசை.
கடல் பக்கமிருந்து வந்தால் மாடிக்கு ஏறு.
சிப்காட் பக்கமிருந்து வந்தால்
துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு
காற்றுக்குக் குறுக்கே ஓடு.
"ரெண்டும் ஒரே ராத்திரி வந்தா?"
என்றாள் மகிழினி, நாலாம் வகுப்பு.
"மறுநாள் ஸ்கூல் லீவு" என்றார் அவள் அப்பா.

போன ஐப்பசியில் நிரப்பியது.
நடுவில் எந்தப் புயலும் எங்கள் தெருவுக்கு வரவில்லை.
ஆனாலும் பை
தூக்கும்போதே லேசாக இருந்தது.

மெழுகுவத்தி நாலுதான்.
ஒன்று கேக்குக்கு நடுவில் கம்பம்போல் நின்றது.
கடையில் 'ஒன்பது' தீர்ந்துபோயிருந்தது.
மற்றது, மே மாதம் டிரான்ஸ்பார்மர் வெடித்த இரவு
ஜைத்தூன் அக்கா மகளுக்குப் பனிக்குடம் உடைந்தபோது.
டார்ச்சும் அன்றைக்குத்தான் போனது.
பிள்ளைக்கு இப்போது ஐந்து மாதம், குப்புற விழுகிறான்.
டார்ச் வரவில்லை.
கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

பிஸ்கட் எட்டும் இருக்கின்றன. எடுத்தால் மூன்றில் வெறும் காற்று.
பின்பக்கம் பிரித்துத் தின்றுவிட்டு
கவனமாய் செல்லோடேப் ஒட்டியிருக்கிறாள் கள்ளி.
பஸ் கிடைக்காமல் நான் இருட்டி வந்த
மூன்று சாயங்காலங்கள்.

தாள் இரண்டு குறைகிறது.
அதில் ஒன்று நான்தான்.
எதற்கென்று இங்கே எழுத மாட்டேன்.

மாத்திரை அட்டையில் ஆறு குழி காலி.
வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வந்ததாக நினைவில்லை.
துண்டு ஒன்றுதான் இருந்தது.
அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.
ஆடியில் மூன்றாம் ஷிப்ட் முடிந்து வந்தவர்
நாலு நாள் ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.
"வெல்டிங் வெளிச்சம்" என்றார்.
அவர் இருக்கிற செக்‌ஷனில் வெல்டிங் கிடையாது.

விசில் மட்டும் வாங்கியபடியே இருந்தது,
கவர்கூடப் பிரிக்காமல்.
இத்தனைக்கும் நடுவில்
ஒருவரும் ஊதவில்லை.

சாயங்காலம் வழக்கமான வேலைகள்.
சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டினோம்.
மகிழினி ஸ்டூல்மேல் ஏறி
மெயின் ஸ்விட்ச்சை இறக்கி ஏற்றிக் காட்டினாள்.
கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை.
குடத்தில், அண்டாவில், பிரஷர் குக்கரில்கூடத் தண்ணீர் பிடித்தேன்.
பட்டியலில் 'டார்ச்' பக்கத்தில்
'புதுசு' என்று எழுதினேன்.

ஞானசேகர் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும்போது
டிபன் பைக்குள், மோர் பாட்டிலுக்கு அடியில்
விசிலைப் போட்டேன்.
பார்த்தார். எடுத்தார்.
கவரைப் பல்லால் கடித்துப் பிரித்து
சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் வண்டியை உதைத்தார்.

காலைக்கு ரவை இல்லை என்பது
அப்புறம்தான் ஞாபகம் வந்தது.
உப்பனாற்றுப் பக்கம்
தூறல் தொடங்கியிருந்தது.